உன் போக்கர் தளத்துக்குத் தினமும் வந்த ஆள்

தம்பி,

இந்தக் கடிதத்தை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் போட முடியுமா என்று நான் கேட்டபோது, மலர் வேலை பார்க்கிறவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மகன் இஞ்சை ஒஸ்லோவிலைதானே இருக்கிறான், நேரை போய்ச் சொல்லுங்கோவன்," என்றா. நேரே சொல்லலாம்தான். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்னதை உன்னிடமா சொன்னேன்? ஊரெல்லாம் சொன்னேன், மூன்று நாடுகளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னதை ஊரறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும். முதலில் இது உன் கையில்தான் வரும். நீ ஓம் என்றால் மலருக்குப் போகும், வேண்டாம் என்றால் உன்னோடு முடியும். எப்படியானாலும் திங்கட்கிழமைக்கு முன் வாசித்துவிடு. அன்றைக்குத்தானே உன் நிரந்தர வேலையை விடுகிற கடிதத்தைக் கொடுக்கப் போகிறாய். அதைக் கொடுப்பதற்கு முன் உனக்குத் தெரியவேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதை நான் இரண்டு மாதமாக மறைத்து வைத்திருக்கிறேன்.

நான் எதையும் இலேசில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக ஸ்ட்ரோம்மனில் ஓர் உடுப்புக் கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் மேசையில் நிற்கிறேன். "ஒருக்காலும் போடவில்லை" என்று சிரித்துக்கொண்டு நீட்டுகிற சட்டையின் கக்கத்தை மணந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். விலைச்சீட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போட்டுப் போய், திங்கட்கிழமை கொண்டுவந்து நீட்டுகிறவர்களில் எல்லா நாட்டவரும் உண்டு, நம்மவர்களும் உண்டு. ஆள் சொல்லுகிற கதையைக் கேட்பதில்லை, தையலைத்தான் பார்ப்பேன். வேலை முடிந்து ரொம்சோஸில் இருக்கிற வீட்டுக்குப் பஸ் ஏறும்போது இந்தக் கண்ணைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. வீட்டிலும் அதே கண்தான்.

நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மாரிக்கால ஜக்கெற்றோடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சிநேகிதனின் அம்மா தந்தவ, அவனுக்குச் சின்னதாகிவிட்டதாம் என்றாய். நான் தையலைப் பார்த்தேன், புதிதுபோல இருந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடித்தேன். அந்த நோர்வேக்காரப் பெண் கதவைத் திறந்து, என்னையும் பார்த்து உன்னையும் பார்த்து, "ஓம், நான்தான் கொடுத்தேன்" என்று தன் மொழியில் மெதுவாகச் சொன்னா. திரும்பி வரும்போது ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்த ஜக்கெற்றை நீ பிறகு போடவுமில்லை. அதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சாப்பிட வந்திருந்தாய். நான் கறியை இறக்கிவிட்டு வரும்போது உன் கணினித் திரையில் சீட்டுகள் தெரிந்தன. சிவப்பு ஹார்ட், கறுப்பு ஸ்பேட். என்னைக் கண்டதும் டக்கென்று மூடினாய். நீ மூடாமல் இருந்திருந்தால் நான் ஏதோ விளையாட்டென்று விட்டிருப்பேன். மூடியதுதான் பிழை.

"என்னடா அது?"

"ஒண்டுமில்லையம்மா. இரண்டு வருசமா வெப்சைட் ஒண்டு செய்யிறன். போக்கர் புதுசாப் பழகிற ஆக்களுக்கு."

"நீ விளையாடுறியோ?"

"இல்லையம்மா. எழுதுறன். எந்தச் சீட்டுக்கை பெரிசு, எந்தச் சீட்டுக்கை சின்னன், எப்ப சீட்டைப் போட்டிட்டு விலகவேணும் எண்டு. ஆக்கள் கூகுளிலை தேடேக்கை என்ரை பக்கம் முன்னுக்கு வரவேணும். அதுதான் எனக்கு விருப்பமான வேலை."

"முன்னுக்கு வந்து?"

"வாசிப்பினம்."

"வாசிச்சு?"

நீ கத்தரிக்காய்க் குழம்பைப் போட்டுக்கொண்டாய். சூதைப் பற்றி எழுதுகிறவன் சூதாடாமல் இருப்பானா? ஒரு சதமும் கேட்காமல் யாராவது வாசிக்கட்டும் என்று ஒருவன் இரண்டு வருடம் மினக்கெடுவானா? சட்டையின் கக்கம் எனக்கு மணந்தது.

ஆனாலும் நான் நேரே கேட்கவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டேன். முன்னுக்கு வருவது எப்படி என்று ஒவ்வொரு ஞாயிறும் உன்னைக் கிண்டினேன். அம்மாவுக்கு உன் வேலையில் அக்கறை வந்துவிட்டதென்று நினைத்துப் பூரித்துப்போய் நீ எல்லாம் சொல்லித் தந்தாய். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டும், அதைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறதென்று விளங்க வேண்டும். அதன் கீழே இரண்டு வரி விளக்கம். ஒரு பக்கத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில், பத்துக் கேள்வியைப் போட்டுக் குழப்பக்கூடாது. ஃபோனில் சட்டென்று திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடும். உனக்குப் பிடித்த சொல்லை எழுதக்கூடாது, தேடுகிற ஆள் எந்தச் சொல்லை அடிப்பானோ அதைத்தான் எழுத வேண்டும். இது மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. தைத்த கொம்பனி அந்தச் சட்டைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறதென்று எங்கள் கடையில் யாரும் கேட்பதில்லை. "செத்த வீட்டுக்குப் போடக் கறுப்பிலை ஒண்டு இருக்கோ" என்றுதான் கேட்பார்கள்.

பிறகு இணைப்புகளைப் பற்றிச் சொன்னாய். மற்றத் தளங்கள் உன் தளத்தைக் காட்டி "இங்கே போய்ப் பாருங்கள்" என்று சொன்னால் உனக்கு மதிப்புக் கூடுமாம். அப்படி இணைப்பு விற்கிற ஆட்கள் உனக்குக் கிழமைக்குக் கிழமை மின்னஞ்சல் போடுகிறார்கள், வாங்கினால் ஒருநாள் பிடிபட்டுப் பின்னுக்குப் போய்விடுவோம் என்றாய். நான் தலையாட்டினேன். மனதுக்குள் எண்ணியது வேறு. மதிப்பை விலைக்கு விற்கிற ஆட்கள் ஓயாமல் கதவைத் தட்டுகிற தொழில் நல்ல தொழிலாக இருக்குமா? நீ வாங்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? பொறுமை வேண்டும், மாதக்கணக்காகும் என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கள்ளனும் பொறுமையாகத்தான் காத்திருப்பான்.

அதனால் நானே பார்க்கத் தொடங்கினேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில், மத்தியானச் சாப்பாட்டில், பின்னேரம் சோறு அவியும்போது. உன் தளத்தைத் தேடித் திறந்து, முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்ப்பேன். எங்காவது "இங்கே காசு கட்டு" என்ற பொத்தான் இருக்கிறதா, உன் படம் இருக்கிறதா, வெளிநாட்டுச் சூதாட்டத் தளத்துக்குப் போகிற கதவு இருக்கிறதா என்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்ப்பேன். நோர்வே மொழி எனக்குக் கடை மட்டில்தான் வரும். விளங்காத சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. நல்லாய் ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

என் இரண்டு கண் போதாது, மொழி தெரியாவிட்டாலும் பொத்தானும் படமும் தெரியுமே என்று இன்னும் ஆட்களைப் பிடித்தேன். பாரிஸில் பெரியம்மா, டொரொண்டோவில் சித்தி, லண்டனில் அவவின் மகள், பூசைக்கு வருகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். "என்ரை பிள்ளை கெட்டுப்போறான் போல கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லி அழுதேன். அவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் சிநேகிதிகளுக்கும் சொன்னார்கள். தளத்தின் முகவரியைத் தொலைபேசியில் எழுத்துக்கூட்டிச் சொல்ல எனக்கு வராது. நீ சொல்லித் தந்த தேடற்சொல்லைத்தான் கொடுத்தேன். கூகுளில் போக்கர் என்று அடித்து, பக்கத்தில் நீபெயின்னர் என்று அடியுங்கோ, புதிதாகத் தொடங்குகிறவன் என்று அர்த்தம், கீழே கீழே போங்கோ, திறந்தால் மேலே நீலப் பட்டை வருவதுதான் அவனுடையது. ஒரு பக்கத்தோடு விடாதையுங்கோ, எல்லாப் பக்கத்தையும் திறந்து பாருங்கோ. பெரியம்மா திறந்து வைத்துவிட்டு இடியப்பம் அவிப்பாவாம், இடைக்கிடை வந்து விரலால் தட்டித் திரையை அணையாமல் பார்த்துக்கொள்வாவாம். அவவுக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்காது, ஆனால் எனக்காகப் பார்த்தா.

இப்போது உனக்கு விளங்கத் தொடங்கியிருக்கும். கொஞ்சம் பொறு, முழுவதையும் சொல்லி முடிக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறன்று நீ வந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்று ஃபோனை நீட்டினாய். தளத்துக்கு வருகிற ஆட்களின் கணக்கைக் காட்டுகிற ஒரு கோடு, கீழே கிடந்தது எழும்பி மேலே போயிருந்தது.

"அம்மா, பாருங்கோ! அந்தச் சொல்லுக்கு நான் மேலை ஏறிக்கொண்டு போறன். ஆக்கள் ஒரு பக்கத்தோடை போகேல்லை, எல்லாத்தையும் வாசிக்கினம். பாரிஸிலை ஒராள் அரை மணித்தியாலம் நிண்டு வாசிச்சிருக்குது. டொரொண்டோ, லண்டன்…"

"டொரொண்டோவிலை ஆர் நோர்வே மொழி வாசிக்கிறது?" என்று கேட்டேன்.

"அங்கை இருக்கிற நோர்வேக்காரராயிருக்கும். இன்னொண்டம்மா, ரொம்சோஸ் பக்கத்திலை இருந்து ஒராள் ஒவ்வொரு நாளும் வருது. ஒருநாளும் தவறேல்லை. ஆரெண்டு தெரியேல்லை. எழுத அலுக்கேக்கை அந்த ஆளை நினைச்சுத்தான் எழுதுறனான்."

தம்பி, அந்த ஆள் நான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உன்னை வேவு பார்த்ததும், உன் பெயரை ஊரெல்லாம் கெடுத்ததும் வெளியே வரும். நீ அந்த ஜக்கெற்றுக்குப் பிறகு என்னைப் பார்த்த அதே பார்வையைத் திரும்பவும் பார்ப்பாய் என்று பயந்தேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறானே, இருந்துவிட்டுப் போகட்டும், நாலு கிழவிகள் ஃபோனைத் தட்டுவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உனக்கு இன்னொரு கரண்டி பாயாசம் போட்டேன். வேவு பார்த்ததைவிட அந்தக் கரண்டி பாயாசம்தான் பெரிய பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கோட்டைப் பார்த்தது நீ மட்டும் இல்லை. போன மாதம் உனக்கு வெளிநாட்டுச் சூதாட்டக் கொம்பனி ஒன்று எழுதியது. உன் தளத்துக்கு வருகிற ஆட்களின் கணக்கை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தங்கள் பொத்தானை வைக்கச் சொன்னது. அதை அழுத்திப் போய்ச் சேருகிற ஒவ்வொரு ஆளுக்கும் உனக்குப் பங்கு. இந்த நாட்டில் அப்படி விளம்பரம் செய்ய விடமாட்டார்கள் என்று முன்பு நீதான் எனக்குச் சொன்னவன். இந்த முறை கேட்டபோது, "தளத்தை வேறை நாட்டிலை பதிஞ்சா ஒரு வழி இருக்கெண்டு சொல்லுகினம்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். முழு நேரமும் இதுதான் இனி என்றாய். வேலையை விடப்போகிறேன் என்றாய். அவர்கள் விலை பேசியது உன் எழுத்துக்கில்லை தம்பி. பெரியம்மாவின் இடியப்பத்துக்கும், என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கும்தான் பேசினார்கள். எங்களில் ஒருவரும் போக்கர் பழக வந்தவர்கள் இல்லை. உன்னைச் சந்தேகப்பட்டு வந்தவர்கள்.

உன் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பயம் அவனில்தான் தொடங்கியது. திராமனில் தனியாக இருக்கிற மாமா ஏன் தனியாக இருக்கிறார் என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். வேலை அப்படி என்று மழுப்பியிருக்கிறேன். அந்த நாளில் இங்கே கடைகளில் சில்லறை போட்டு விளையாடுகிற மெஷின்கள் நின்றன. பால் வாங்கப் போகிறவன் இரண்டு மணித்தியாலம் கழித்து வருவான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அக்காவான எனக்கு மட்டும் தெரியவில்லை. அவன் சொன்ன கதைகளை நம்பினேன். மாமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போன பிறகுதான் நம்புவதை நிறுத்தினேன். அவனை நம்பிக் கெடுத்தேன், உன்னைச் சந்தேகப்பட்டாவது காப்பாற்றுவேன் என்று நினைத்துவிட்டேன்.

அவனுக்கும் உன் தளத்தைக் காட்டினேன். இந்தச் சூது நோய் வந்து பார்த்தவன், அவனுக்குத் தெரியும் என்று. இரண்டு நாள் கழித்து ஃபோன் எடுத்தான்.

"அக்கா, பெடியன் விளையாடேல்லை. விளையாடுறவனுக்கு இப்பிடி ஆறுதலா இருந்து எழுத ஏலாது."

"வடிவாப் பாத்தியோ?"

"பாத்தனான். அதிலை ஒரு பக்கம் கிடக்கு. மேசையை விட்டு எப்ப எழும்பவேணும் எண்டு. எனக்கு அதை ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா."

அந்தப் பக்கத்தை நானும் பலமுறை வாசித்திருக்கிறேன். வெல்லும்போதும் எழும்பலாம், தோற்கும்போதும் எழும்பலாம், எழும்புவதற்குக் காரணம் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். ஒருமுறை அதைப் பற்றி உன்னைக் கேட்டேன். அந்தச் சொல்லை ஒருத்தரும் தேடுவதில்லை, கூகுளில் அது எங்கேயோ ஆழத்தில் கிடக்கிறது, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவனுக்கு அதுதான் முதற் பாடம், அதனால் வைத்திருக்கிறேன் என்றாய். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் விட்டது. தேடாத ஆளுக்காகவும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறான் என்று பெருமையாகவும் இருந்தது. அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. திட்டுவதற்குத் திறக்கிற வாய் மெச்சுவதற்குத் திறக்காது எனக்கு.

போன செவ்வாய் காலை பஸ்ஸில் வழக்கம்போலத் திறந்தேன். அந்தப் பக்கம் இல்லை. முதலில் என் ஃபோனில்தான் பிழை என்று நினைத்தேன். மத்தியானமும் இல்லை, பின்னேரமும் இல்லை. அது இருந்த இடத்தில் "முதல் மேசையில் எப்படி உட்காருவது" என்று புதிதாக ஒன்று இருந்தது. கொம்பனி எடுக்கச் சொன்னதா, நீயாக எடுத்தாயா, எனக்குத் தெரியாது. கேட்டால் கதை சொல்லுவாய். நான் தையலைத்தான் பார்ப்பேன், தையல் பிரிந்திருந்தது. இத்தனை மாதமாக இல்லாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்று அகப்பட்டிருக்கிறது, அதைச் செய்ய வைத்தவளும் நானே. அன்று வீட்டுக்கு வந்து ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதேன்.

அன்றே ஒவ்வொருவருக்காக ஃபோன் எடுத்துச் சொன்னேன். இனித் திறக்க வேண்டாம், என் பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் பிழை. பெரியம்மாவுக்குக் கோபம். "இவ்வளவு நாளும் எங்களைக் கொண்டு என்னத்தையடி செய்விச்சனீ?" என்று பேசிவிட்டு வைத்துவிட்டா. இன்றைக்கு அந்தக் கோடு விழத் தொடங்கியிருக்கும். நீ தலைப்புகளை மாற்றிக்கொண்டும், கூகுளைத் திட்டிக்கொண்டும் இருப்பாய். தலைப்புகளை மாற்றாதே, அவற்றில் ஒரு பிழையும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன்னைப் பார்க்க நான் ஏவிவிட்ட ஆட்களின் பெயரும் ஊரும், எந்த மாதத்திலிருந்து பார்த்தார்கள் என்பதும் அதில் இருக்கின்றன. சிலர் கோபித்துக்கொண்டுதான் விவரம் தந்தார்கள். எங்கள் எல்லாரையும் உன் கணக்கிலிருந்து கழித்துப் பார். மிஞ்சுகிறதை அந்தக் கொம்பனிக்கு உள்ளபடி அனுப்பு. அதற்குப் பிறகும் அவர்கள் உன்னைக் கேட்டால், வேலையை விடுகிறதா இல்லையா என்பது உன் விருப்பம். நீ இருபத்தொன்பது வயது ஆம்பிளை, உன் கையைப் பிடித்து யார் வீட்டு மணியையும் நான் இனி அடிக்கமாட்டேன். ஆனால் எங்களை வாசிக்க வந்த ஆட்களென்று எண்ணி வேலையை விடாதே. அதை என்னால் தாங்கேலாது.

தாளில் ஒரு பெயரை எழுதிவிட்டுப் பிறகு வெட்டியிருப்பதைக் காண்பாய். அது மாமா. நேற்றுப் பின்னேரம் ஃபோன் எடுத்தான். ஒருநாளும் எதற்கும் என்னிடம் உதவி கேட்காதவன்.

"அக்கா, பெடியனைக் கேட்டுச் சொல்லுறியளே, அந்தப் பக்கம் எங்கை போயிட்டுதெண்டு?"

"உனக்கேனடா அது?"

"இப்ப மெஷின் கடையிலை இல்லையக்கா, ஃபோனுக்குள்ளை கிடக்கு. விளையாடக் கை போகேக்கை நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசிக்கிறனான். நாலு நாளாக் காணேல்லை," என்றான்.

முதல் நாள் அவன் என் சொல்லுக்காகத்தான் வந்தான். மற்ற நாளெல்லாம் தானாக வந்திருக்கிறான். மற்ற எல்லாரையும் கழி, அவனைக் கழிக்காதே.

அம்மா